இரண்டாம் ரத்தத்துக்கு அழைக்கப்பட்டவர்கள்

மனித உரிமை என்றால் என்ன என்று எனக்கு முதன்முதலில் பாடம் எடுத்தவர் ஒரு பேராசிரியர். நாகர்கோவிலில் ஒரு லாட்ஜின் மாடியில், ஏ.சி. அறையில் வைத்து எடுத்தார். இரண்டு நாள் பயிற்சி. பங்கேற்பாளரின் கண்ணியம், பங்கேற்பாளரின் தன்னுரிமை, பங்கேற்பாளரின் ரகசியம் என்று தலைப்புத் தலைப்பாகத் திரையில் படம் போட்டார். எல்லாப் படத்திலும் இரண்டு கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. யாருடைய கைகள், எதற்காகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் தேர்வு செய்ய மாட்டார்களோ என்று பயம்.

எம்.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருந்தவள் நான். குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. எங்கள் கடற்கரை மணலில் கறுப்பு அதிகம். அதில் இருக்கும் தாதுவிலிருந்து இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு வரும் என்பது எங்கள் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. அந்த மணல்மேல் தலைமுறை தலைமுறையாகப் படுத்து உறங்குகிறவர்களின் ரத்தத்தில் ஏதாவது மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு. நல்ல கேள்விதான். இன்றைக்கும் அதை நான் குறை சொல்ல மாட்டேன். கேள்வி கேட்க வந்தவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊர்க்காரி, எங்கள் பேச்சு தெரிந்தவள், எந்த வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டு உரிமையோடு போகக்கூடியவள் என்பதால் களப் பணியாளராக என்னை எடுத்துக்கொண்டார்கள்.

ஒப்புதல் படிவம் நான்கு பக்கம். தமிழில்தான் இருந்தது என்று அதை அடித்தவர்கள் நம்பினார்கள். 'தன்னார்வப் பங்கேற்பின் இயல்பு குறித்துப் போதுமான அளவில் தெளிவுறுத்தப்பட்டேன்' என்று முதல் வரி. இதை நான் எங்கள் ஊர்க் கிழவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "செரி மக்கா, ஒப்பு எங்க போடணும்?" என்றார். கையெழுத்தை நாங்கள் ஒப்பு என்போம். அவர் போட்டார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் போட்டார்கள்.

போடாமல் என்ன செய்வார்கள்? சுனாமி முடிந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அந்த மூன்று வருடத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் போட்ட ஒப்புக்குக் கணக்கில்லை. அரிசிக்குப் போட்டார்கள், தார்ப்பாய்க்குப் போட்டார்கள், வலைக்கும் வள்ளத்துக்கும் வீட்டுக்கும் போட்டார்கள். மனநலம் பார்க்கிறோம் என்று வந்து, புருசனைப் பறிகொடுத்தவளிடம் வண்ணப் பென்சிலைக் கொடுத்துப் படம் வரையச் சொன்னவர்களுக்கும் போட்டார்கள். எதற்கு என்று கேட்டவன் பெயர் அடுத்த பட்டியலில் காணாமல் போனதை எல்லாரும் கண்ணால் பார்த்தவர்கள். அதனால் தாளை நீட்டினால் கை தானாக நீளும். இந்தப் பழக்கத்துக்குப் பேராசிரியர் வைத்த பெயர் 'சமூகத்தின் விழிப்புணர்வு'. வாய் கூசாமல் சொன்னார்.

போதாக்குறைக்குக் கோயில் மைக் வேறு இருந்தது. கோயில் என்றால் எங்கள் ஊரில் மாதா கோயில்தான். எங்கள் ஊரின் எல்லா விசயமும் அந்த மைக்கில்தான் வரும். கடலுக்குப் போக வேண்டாம் என்பது, கரண்டு எத்தனை மணிக்குப் போகும் என்பது, யாரோ தொலைத்த சாவிக்கொத்து யாரோ கண்டெடுத்துப் பங்குச் சாமியாரிடம் கொடுத்திருப்பது, எல்லாம். ரத்தம் எடுக்க வருகிறார்கள், பதினெட்டு வயசுக்கு மேலே உள்ளவர்கள் வந்து ஒத்துழைக்க வேண்டும் என்று பூசை முடிந்து வாசித்தார்கள். ஊர்க்கமிட்டி சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் அது வேண்டுகோள் கிடையாது. மறுத்தால் நாளைக்கு மகன் கல்யாணத்துக்குக் கமிட்டியிடம் போய் நிற்க வேண்டும். இது பேராசிரியருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் முதல் நாளே ஒரு கூடை ஆப்பிளோடு சாமியாரைப் போய்ப் பார்த்தார்.

அந்த நான்கு பக்கத்தையும் முழுசாக வாசித்தது எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்தி. எங்கள் பக்கத்து வீட்டு மாமியின் மகள். பிளஸ் டூ முடித்துத் தையல் படித்துக்கொண்டிருந்தாள். தகப்பன் பஹ்ரைனில் மீன்பிடிப் போட்டில் வேலை. வீட்டில் இவளும் அம்மாவும்தான். மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் ஆகியிருந்தது. கிழக்கே இரண்டு ஊர் தள்ளி நல்ல இடம். தகப்பன் கல்யாணத்துக்காகத்தான் லீவு எழுதிக் கொடுத்திருந்தார்.

"எப்ப வேணும்ணாலும் விலகலாம்ணு போட்டிருக்கே அக்கா. விலகினா எடுத்த ரெத்தத்தத் திருப்பித் தருவாவளா?" என்று கேட்டாள்.

"ஏட்டி, பேசாம ஒப்பப் போடு. பொறத்தால ஆளு நிக்குது" என்றேன்.

பங்கேற்பாளரின் ஐயங்களைத் தீர்த்துவைத்தேன் என்று படிவத்தின் அடியில் என் ஒப்பும் இருக்கிறது.

ஊரில் மற்றவர்களுக்கு முந்தின வாரங்களில் எடுத்திருந்தோம்; அவளும் இன்னும் பதினாறு பேரும் மிச்சம் இருந்தார்கள். அது ஒரு சனிக்கிழமை. கோயிலை ஒட்டிய மறைக்கல்வி வகுப்புக் கூடத்தில் வைத்து ரத்தம் எடுத்தோம். குழாய்களை அடுக்கித் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மூடி ஜீப்பில் ஏற்றினோம். மேற்கே இரண்டரை மணி நேரம் ஓட்டினால் ஆய்வகம். ரத்தத்தில் இருக்கும் அணுக்களை ஆய்வகத்தில் வளர்த்துத்தான் சோதிப்பார்கள், அதனால் அவை உயிரோடு போய்ச் சேர வேண்டும், சூடு பட்டால் வளராது என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னவரே அன்றைக்கு ஜீப்பின் முன்சீட்டில் இருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு விருந்தாளிகள் பின்னால் இருந்தார்கள். நிதி கொடுக்கிறவர்களோ, கொடுக்கப்போகிறவர்களோ, எனக்குத் தெரியாது. பேராசிரியர் அவர்களிடம் பேசும்போது குரலே மாறிவிடும்.

தக்கலை வரை நானும் ஏறிக்கொண்டேன். வழியில் பார்க்க ஏதாவது இருக்கிறதா என்று விருந்தாளிகள் கேட்டார்கள். பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது என்று சொன்னது நான்தான். பெருமை பிடிபடவில்லை எனக்கு. எங்கள் மாவட்டத்தைக் காட்ட ஒரு வாய்ப்பு.

போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி. மதியச் சாப்பாட்டுக்கு அரண்மனையை அடைத்துவிட்டார்கள். இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். டிரைவர் மார்த்தாண்டத்துக்காரர், அனுபவசாலி. "சாரே, பெட்டியில ஐஸு கொறவாக்கும். நம்ம போயிருவோம்" என்று சொல்லிப் பார்த்தார். பேராசிரியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். டிரைவர் அறிவியல் பேசுவது அவருக்குப் பிடிக்கவில்லை. காத்திருந்தோம். ஜீப்பை நிறுத்த நிழல் கிடைக்கவில்லை, வெயிலில்தான் நின்றது. இரண்டு மணிக்கு உள்ளே போனோம். கண்ணாடி மாதிரி மினுங்கும் கறுப்புத் தரையைக் காட்டி, முட்டை வெள்ளையும் தேங்காய்ச் சிரட்டைக்கரியும் சேர்த்துப் போட்டதாகச் சொல்வார்கள் என்று நான் வாய் ஓயாமல் விளக்கினேன். விருந்தாளிகள் குனிந்து குனிந்து அதில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். நானும் பார்த்துக்கொண்டேன்.

வெளியே வரும்போது மூன்றரை ஆகியிருந்தது. டிரைவர் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். ஐஸ் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. பேராசிரியர் அதில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். "ஒன்றும் ஆகாது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். நான் தக்கலையில் இறங்கி பஸ் பிடித்து ஊருக்கு வந்தேன்.

புதன்கிழமை பேராசிரியரின் போன் வந்தது. அந்தப் பெட்டியில் இருந்த பதினேழு பேருடைய ரத்தமும் வளரவில்லை. பதினேழு பேரையும் கூப்பிட்டு மறுபடியும் எடுக்க வேண்டும், இந்த மாதக் கடைசியில் வருகிறோம் என்றார். ஏன் வளரவில்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரிந்ததைப் பற்றி என்ன பேசுவது?

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். பதினேழு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய், கதவைச் சாத்திவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். ரகசியம் என்று இரண்டு நாள் பயிற்சி எடுத்தவள் அல்லவா நான்? ஆனால் எங்கள் ஊரில் ஒரு செய்தி பதினேழு பேருக்குப் போக வேண்டுமென்றால் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். ஒரு வெள்ளைத்தாளில் பெயர்களை எழுதி, 'கீழ்க்கண்டவர்கள் இரண்டாம் முறை ரத்தம் கொடுக்க வர வேண்டும்' என்று தலைப்புப் போட்டு, கோயில் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசிக்கிறவர் அவர்தான். அவருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "எழுத்து வெளங்குது, நல்லா எழுதியிருக்க" என்று பாராட்டினார்.

எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று. அந்த ஞாயிறு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாம் ஓலை. கணக்கப்பிள்ளை நிறுத்தி நிதானமாக வாசித்தார். தடை தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று முடித்தார். அடுத்து கரண்டு அறிவிப்பு. அதற்கடுத்து என் தாள். பதினேழில் ஆறாவதாக அவள் பெயர் வந்தது.

கோயிலுக்குள் ஒரு சலசலப்பு ஓடியது. பெண்கள் பக்கம் தலைகள் திரும்பின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாப்பிள்ளையின் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தது எங்கள் ஊரில்தான். அவள் மூன்றாம் வரிசையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானத்துக்குள் பேச்சு இரண்டு ஊர் தாண்டிவிட்டது. எல்லாருக்கும் ஒரு தடவை எடுத்தார்கள், இவர்களை மட்டும் ஏன் திரும்பக் கூப்பிடுகிறார்கள்? ரத்தத்தில் என்னவோ இருக்கிறது. அதுவும் மணல் ரத்தம். எங்கள் கடற்கரையில் ஒரு பிள்ளை தாமதமாக நடந்தாலும் பேசினாலும் மணலைத்தான் சொல்வார்கள். அந்தப் பயத்தின்மேல்தான் என் வெள்ளைத்தாள் போய் விழுந்தது.

சாயங்காலம் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"ஏ பிள்ளே, எனக்க மவளுக்க ரெத்தத்துல என்னவாக்கும்? ஒளிக்காம சொல்லு."

"ஒண்ணுமில்ல மாமி. ரெத்தம் கெட்டுப்போச்சு, அவ்வளவுதான். ஜீப்பு வெயிலில நிண்ணது, ஐஸு உருகிப்போச்சு. எங்களுக்க தப்பாக்கும்."

"அத ஒரு கடுதாசியில எழுதி வாங்கித் தா. மாப்பிள வீட்டுல கேக்கியாவ. அடுத்த ஞாயிறு மூணாம் ஓலைக்கு முன்ன தந்தா போதும்."

இதில் என்ன கஷ்டம் என்றுதான் அப்போது நினைத்தேன். நாலு வரிக் கடிதம். மாமி அதற்குள் மகளை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டுபோய் ரத்தம் பார்த்துவிட்டு வந்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய்க் காட்டியதற்கு, ஆஸ்பத்திரியில் பார்ப்பது வேறு, இது பெரிய மெசினில் பார்த்த ரத்தம் அல்லவா, அவர்கள் எழுதித் தரட்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். தப்பு சொல்ல முடியாது. பெரிய மெசின் என்று ஊர் ஊராகப் பீற்றிக்கொண்டது நாங்கள்தானே.

பேராசிரியருக்குப் போன் செய்தேன். முழுசாகக் கேட்டார். அவர் எப்போதும் முழுசாகக் கேட்பார், அதில் குறை வைக்க மாட்டார். பிறகு, தனிப்பட்ட பங்கேற்பாளரைப் பற்றி எந்தத் தகவலையும் எழுத்தில் தர ஆய்வு நெறி அனுமதிக்காது என்றார். பங்கேற்பாளரின் ரகசியத்தை நாம் காக்க வேண்டும் அல்லவா என்று என்னிடமே கேட்டார்.

"சார், அவளே கேட்கிறாள். அவளுடைய ரத்தம்."

"இன்றைக்கு ஒருவருக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள்."

"அவளைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம் சார். பெட்டி வெயிலில் இருந்தது, மாதிரி கெட்டுவிட்டது என்று நம்மைப் பற்றி எழுதினால் போதும்."

அப்படி எழுதினால் அது நெறிமுறைக் குழுவுக்குப் போக வேண்டும், போனால் விளக்கம் கேட்பார்கள், ஆய்வே ஆறு மாதம் நின்றாலும் நிற்கும், உன் வேலையும் அதில்தானே இருக்கிறது என்றார். மிரட்டவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். பங்கேற்பாளரைப் பாதுகாக்க என்று ஒரு குழு. அந்தக் குழுவிடமிருந்து இவரைப் பாதுகாக்க ரகசியம் என்று ஒரு சொல். அந்தச் சொல்லுக்கடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளையை நசுக்கிவிட்டு இவர்கள் கருத்தரங்கில் போய் மனித உரிமை பேசுவார்கள். வெட்கங்கெட்டவர்கள். அறிவியலில் ரத்தம் கெட்டுப்போவது பாவம் இல்லை. கெட்டுப்போயிற்று என்று வாயைத் திறந்து சொல்ல முடியாத ஆளுக்கு அறிவியல் எதற்கு?

இதையெல்லாம் இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு, "சரி சார், வேறு என்ன செய்யலாம்?" என்றுதான் கேட்டேன்.

பொதுவாக ஒரு விளக்கம் கொடுக்கலாம் என்று ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொன்னார். எழுதிக்கொண்டேன். அதைத் தமிழாக்கினேன். சாமியாரிடம் போய், இதை வாசிக்க வேண்டும் என்றேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, எனக்கு ஒன்றும் புரியவில்லை, நீயே வந்து மைக்கில் சொல்லிவிடு, ஜனங்களுக்குப் புரியும்படி சொல் என்றார். நல்ல மனுசன். எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். அது அவருக்கே தெரிந்திருக்காது.

மூன்றாம் ஞாயிறு. மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். மகள் வீட்டுக்கு வந்த சாக்கில் பூசைக்கு வந்ததாகப் பேர். பக்கத்து வீட்டுப் பிள்ளை அம்மாவுக்குப் பக்கத்தில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தாள். மூன்றாம் ஓலையை வாசிக்கும் முன்னால் என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கின் முன் நின்றேன். ஊர் மொத்தமும் என்னைப் பார்த்தது. ரத்தம் வெயிலில் கெட்டுப்போயிற்று என்று மூன்று நான்கு சொல்லில் முடிகிற விசயம். என் கையில் தாள் இருந்தது. தாளைத்தான் வாசித்தேன்.

"சில தொழில்நுட்பக் காரணங்களால் பதினேழு பேரின் ரத்த மாதிரிகள் மீண்டும் தேவைப்படுகின்றன. இது குறித்த மேலதிக விவரங்கள் ரகசியமானவை."

முதல் வாக்கியத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவதை எல்லாரும் கேட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து பக்கவாட்டு வாசல் வழியாகச் சாமியாரின் அறைப் பக்கம் போனார். கணக்கப்பிள்ளை ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு சாமியாரைப் பார்த்தார். சாமியார் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

பூசை முடிந்து நான் கோயிலின் பின்பக்கமாக நழுவப் பார்த்தேன். அவள் அங்கே வந்து நின்றாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் அழவில்லை.

"அக்கா, வெயிலில இருந்து கெட்டுப்போச்சுண்ணு எங்க அம்மைக்கிட்ட சொன்னியளே. அத மைக்கில சொன்னா என்ன?"

"வெளிய சொல்லப்படாதுண்ணு மேல இருந்து சொல்லிட்டாவ. எனக்க வேலை..."

"எனக்கு மாமியாரா வரப்போனவிய முப்பது வருசமா ஐஸ் பெட்டியில மீன் விக்கியவியளாக்கும். ஐஸு தீந்தா என்ன ஆவும்ணு அவியளுக்கு வெளங்காதா? இந்தக் கோயில்ல ஆருக்கு வெளங்காது?"

உலகத்திலேயே அந்த விசயம் ஒரு நொடியில் புரியக்கூடிய ஒரு கூட்டத்தின் முன்னால் நின்று, தொழில்நுட்பக் காரணம் என்று வாசித்தவள் நான். மீன் கெடுவது தெரிந்த ஊரில் ரத்தம் கெட்டதைச் சொல்லப் பயந்தேன். அதுதான் அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. நாலு வருடம் கழித்து அவளைத் தூத்துக்குடிப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். அழைப்பு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அந்த ஞாயிறுக்கு மறுநாளே திங்கள்நகர் சந்தைக்குப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா கடை போடும் இடம் விசாரித்துக் கண்டுபிடித்தேன். சூரை மீனை அறுத்துக்கொண்டிருந்தாள். எதிரே குத்தவைத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அரண்மனையைப் பார்க்கப் போனதையும் சொன்னேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"எத்தன மணிக்கூறு நிண்ணது ஜீப்பு?"

"ரெண்டரை."

"வெயிலிலயா? ஐஸு எம்புட்டு போட்டிருந்திய?"

சொன்னேன்.

"அப்ப கெடத்தான் செய்யும்" என்றாள். அவ்வளவுதான். ஒரு சந்தேகம் கேட்கவில்லை. இரண்டு நாள் பயிற்சியில் எங்களுக்கு ஏற்றப் பார்த்தது அவளுக்கு இரண்டு கேள்வியில் ஏறிவிட்டது. முடிந்துவிட்டது, காரியம் நேராகிவிட்டது என்று நினைத்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு வெளங்கிச்சு மக்கா. எனக்க மவனுக்கும் சொல்லி வெளங்க வைப்பேன். ஊருக்கு ஆரு சொல்லுவா? நாளைக்கு அவளுக்க பிள்ள ரெண்டு மாசம் பிந்தி நடந்தா, மைக்கில ரகசியம்ணு சொன்னவளாக்கும்ணு எனக்க வாசல்ல வந்து நிண்ணு சொல்லுவாவ. மைக்கில கெடுத்தத எனக்க காதில சொல்லி நேராக்க முடியுமா?"

"வாற ஞாயிறு மைக்கில சொல்லியேன் அம்மா. உள்ளத உள்ளபடி சொல்லியேன்."

"சொல்லுவியா?"

"கண்டிப்பா."

"அப்ப சொல்லு. அதுக்குப் பொறவு பாப்போம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மீனை எடுத்தாள். எழுந்து வரும்போது எனக்கு மீன் பொதிந்து தரப் பார்த்தாள். நான் வாங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை இரண்டாம் ரத்தம் எடுக்க ஜீப் வந்தது. இந்தத் தடவை இரண்டு பெட்டி, நிறைய ஐஸ், நேராக ஆய்வகம் என்று ஏற்பாடெல்லாம் கச்சிதம். பதினாறு பேர் வந்தார்கள். அவள் வரவில்லை. வராதவர்களுக்கு ஒரு தனித்தாள் உண்டு. பங்கேற்பாளர் எண், தேதி, காரணம். காரணக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். 'விருப்பமில்லை' என்று எழுதினேன். பேராசிரியர் தாளை வாங்கிப் பார்த்துச் சந்தோசப்பட்டார். ஒருத்தியாவது மறுத்திருப்பது ரொம்ப நல்லது, நாம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்கு இதுவே ஆதாரம் என்றார். நான் தலையாட்டினேன். அடுத்த மாதத்திலிருந்து உன்னைக் கள மேற்பார்வையாளர் ஆக்கலாம் என்று நினைக்கிறேன் என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தலைவலி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டேன். கோயில் மைக் எங்கள் வீட்டுக்குள் தெளிவாகக் கேட்கும். பூசை முடிந்தது. கணக்கப்பிள்ளை அறிவிப்புகளை வாசித்தார். கரண்டு, மறைக்கல்வி வகுப்பு, யாரோ தொலைத்த ஒரு குடை. முடிவில், வேறு ஏதும் அறிவிப்பு இருந்தால் வந்து சொல்லலாம் என்று எப்போதும்போல் ஒரு தடவை கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு மைக்கை அணைத்தார்.